பள்ளியில் மாணவர் நல நாள்: வாசலில் நிறுத்திக் கேட்ட கேள்விகள்

பாமணி ஆற்றை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் மாணவர் நல நாளை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நோட்டீஸ் கொடுத்த மறுநாளிலிருந்து பள்ளி வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் மன்னார்குடி பஸ்ஸிலும் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பெயர்கள் இல்லை. சில இடங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரத்தையும் மாற்றியிருக்கிறேன்.

நல நாள்னா மெடிக்கல் கேம்ப்தானே டீச்சர்?

பாதி அதுதான். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பள்ளி மருத்துவக் குழு வந்து எடை, உயரம், கண், பல், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அது முடிந்ததும் மீதிப் பாதி. தூக்கம், சாப்பாடு, பயம், கோபம், சிநேகிதச் சண்டை, போன், பரீட்சை என்று பிள்ளைகள் புத்தகப் பையோடு சேர்த்துச் சுமந்து வருகிற விஷயங்களுக்கு டைம்டேபிளில் பீரியட் கிடையாது. அன்றைக்கு உண்டு.

முதல் வருடம் சொதப்பினோம். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டு, ஆறிலிருந்து பத்து வரை எல்லாரையும் மைதானத்தில் உட்காரவைத்து, மைக்கில் இரண்டு மணி நேரம் தன்னம்பிக்கை பற்றிப் பேச வைத்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கிச் சாய்ந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது. அந்த நேரம் மேடையில் ஓடிக்கொண்டிருந்தது, நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். அதோடு மேடைக்கும் மைக்குக்கும் முழுக்குப் போட்டோம். இப்போது இருபது இருபத்தைந்து பேராக மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறோம். குழு பிரிக்க மகிழ் முற்றம் அணிகள் இருக்கவே இருக்கின்றன: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. (பாலையில் விழுந்த பிள்ளைகள் முதல் வாரமே "எங்களை மருதத்துக்கு மாத்துங்க மிஸ்" என்று வந்து நின்றார்கள். சுற்றிலும் வயல் இருக்கிற ஊரில் நியாயமான கோரிக்கைதான்.)

உலக மனநல நாள் அக்டோபர் 10தானே, அன்னிக்கே வெச்சா என்ன?

1992 முதல் அது அக்டோபர் 10தான். ஆனால் எங்கள் பக்கம் அந்தத் தேதி ஒத்துவராது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி அப்போதுதான் திறந்திருக்கும். குறுவை அறுப்பு ஒரு பக்கம் போகும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எந்த நேரம் லீவு அறிவிப்பார்கள் என்று டிவியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நவம்பரைக் கேட்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு அந்த மாதத்தை நம்பி இங்கே யாரும் நாள் குறிப்பதில்லை. ஜனவரியில் பொங்கலும் சம்பா அறுவடையும், அதற்கப்புறம் பத்தாவதுக்குத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு. கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது ஆடிப்பெருக்கு முடிந்த ஆகஸ்ட் மாதம்தான்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை வைக்கவே கூடாது. பிள்ளைகளின் மனதைக் கிளறிவிட்டு இரண்டு நாள் லீவும் விட்டால், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்த பிள்ளை சனி, ஞாயிறு தனியாகக் கிடக்கும். செவ்வாய் அல்லது புதன் வைத்தால் மறுநாள் நாங்கள் எல்லாரும் பள்ளியில் இருப்போம்.

அன்னிக்கு அட்டெண்டன்ஸ் உண்டா?

உண்டு. பள்ளி நாள்தான். பை மட்டும் வேண்டாம், தண்ணீர் பாட்டில் போதும்.

காலையில சாப்புட்டு வரணுமா, வெறும் வயித்துல வரணுமா? ரத்தம் எடுப்பீங்களாமே.

கட்டாயம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஹீமோகுளோபின் பார்க்க வெறும் வயிறு தேவையில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவு பத்தாவது வரை உண்டு. ஆக ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு வீட்டோடு. நடவு நேரத்தில் அம்மா ஆறு மணிக்கே வயலுக்குப் போய்விடுவார். அப்பாயி வடித்து வைத்த சோற்றைப் பார்க்காமல் பிள்ளை பஸ்ஸைப் பிடித்திருக்கும். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "ம்" என்றுதான் சொல்லும். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நொடி கண்ணை வேறு பக்கம் திருப்பும். அங்கே விடை கிடைத்துவிடும். அதனால் நல நாளின் முதல் நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு வெண்பொங்கல். அரிசியும் பருப்பும் முன்னாள் மாணவர்கள் தருகிறார்கள். கூச்சப்படுகிற பிள்ளை தனித்துத் தெரியக் கூடாது என்பதால் ஆசிரியர்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ரத்தத்துல என்னத்தைப் பாப்பீங்க? அந்த நீல மாத்திரையைத் தின்னா வயித்தைப் புரட்டுதுங்குது எம்பொண்ணு.

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு, அவ்வளவுதான். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதான பிள்ளைக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. பையன்களுக்குப் பதினைந்து வயதிலிருந்து 13. "படிப்புல கவனமில்லை, எப்பப் பாத்தாலும் தூங்கி வழியுறான்" என்று நாம் திட்டுகிற பிள்ளைகளில் சிலரின் சங்கதி இந்த ஒரு சொட்டில் இருக்கும்.

நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வாரம் ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டத்தான் செய்யும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், உடனே டீ குடிக்கக் கூடாது. மலம் கருப்பாகப் போனால் அது இரும்பு, பயப்பட வேண்டாம். கூடவே பூச்சி மாத்திரையையும் விழுங்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழு பாதம் வழியே ஏறி, குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். வரப்பில் நடந்தே பள்ளிக்கு வருகிற ஊர் நமது. மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு போய்த் துப்புவதில் எங்கள் பிள்ளைகள் கைதேர்ந்தவர்கள். எட்டாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியடியில் நீல நீலமாகக் கிடக்கும். செடி நன்றாகத்தான் இருக்கிறது.

பந்தலுக்கு எங்க தோப்புக் கீத்து இருக்கு, எடுத்துக்குங்களேன்?

உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். நம் பிள்ளைகளுக்கு அது பிறப்பதற்கு முந்தைய கதை, நமக்கு அப்படியில்லை. பள்ளி வளாகத்துக்குள் கீற்றே வரக் கூடாது என்பதில் எங்கள் தலைமையாசிரியர் யார் சொன்னாலும் இறங்கி வர மாட்டார். புங்க மரமும் பூவரச மரமும் போதும். தரத்தான் வேண்டும் என்றால் பழைய கோரைப்பாய் நாலு கொடுங்கள்.

ஆத்துல குளிக்கப் போகாதீங்கன்னு இதுலயும் சொல்லப் போறீங்களா?

இதைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன். போகாதே என்று சொன்னால் போவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் தள்ளித் திறந்தாலும், நுரையோடு தண்ணீர் வருகிற அன்று கரையில் பாதிப் பள்ளிக்கூடம் நிற்கும்.

அதனால் இரண்டு விஷயம் மட்டும் செய்து காட்டுகிறோம். ஒன்று, சட்ரஸ் (தண்ணீரைத் திறந்து மூடும் மதகு) பக்கம் குதிக்கவே கூடாது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் கீழே சுழித்து இழுக்கும். இரண்டு, ஒருவன் தத்தளித்தால் இன்னொருவன் குதிக்கக் கூடாது. கயிறு, கம்பு, வேட்டி, புடவை, காலி பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் எறிந்துவிட்டுக் கத்த வேண்டும். மைதானத்தில் ஒருவனைப் படுக்கவைத்து வேட்டியை எறிந்து இழுக்கும் இந்தப் பகுதிக்குத்தான் கைதட்டல் அதிகம்.

வயசுக்கு வந்த புள்ளைங்கட்டத் தனியா என்னத்தைப் பேசுவீங்க? அதெல்லாம் அம்மா சொல்லிக் குடுப்பா.

சில அம்மாக்கள் சொல்கிறார்கள். பல வீடுகளில் "உக்காரு, தொடாதே" என்பதோடு முடிந்துவிடுகிறது. மஞ்சள் நீராட்டு முடியும் வரை பத்துப் பதினைந்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இப்போதும் உண்டு. அது ஏன் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், எவ்வளவு வலித்தால் டாக்டரிடம் போக வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தடவை நாப்கின் மாற்ற வேண்டும் என்று கிராம சுகாதார செவிலியர் வந்து பேசுகிறார். அரசின் புதுயுகம் திட்டத்தில் தருகிற நாப்கினை யாரிடம், எப்படிக் கேட்பது என்பதையும் சொல்கிறார். கேட்பதில்தான் பாதிக் கஷ்டம்.

பையன்களுக்கும் தனியாக உண்டு, பி.டி. சார் பேசுகிறார். பிள்ளைகள் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடும் சீட்டுகளில் போன வருடம் வந்த ஒன்று: "என் குரல் உடைஞ்சு போச்சு, மருந்து இருக்கா?" சிரிக்காமல் பதில் சொன்னதற்கு அவருக்கு விருதே கொடுக்கலாம்.

கவுன்சிலிங்னு போட்ருக்கீங்களே, எம்புள்ளைக்கு என்ன பைத்தியமா?

இல்லை. கால் சுளுக்கினால் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறோம், உடைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மனசுக்கும் அப்படித்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நீவிவிட்டால் போதும்: ஒருவர் குறுக்கே பேசாமல் பத்து நிமிடம் கேட்பது. ஒன்றிரண்டு பேருக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பிடித்த விளையாட்டைக்கூடத் தொடாமல் இருந்தால் தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்வோம். எழுதித் தருவோம், வேண்டுமானால் கூடவும் வருவோம்.

தற்கொலை அது இதுன்னு புள்ளைங்கட்டப் பேசலாமா? இல்லாத நெனப்பைத் தூண்டி விட்டுடாதா?

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. மனநல மருத்துவர்கள் சொல்வது வேறு: வாடிப்போய் இருக்கிற பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவும் நிதானமாகவும் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் பிள்ளைக்குப் பாரம் இறங்குகிறது. தவறு எதுவென்றால், கூட்டத்தில் அதைப் பற்றிக் கதை சொல்வது, எப்படிச் செய்துகொண்டார்கள் என்று விவரிப்பது, செத்தவரைத் தியாகி ஆக்குவது. இவை மூன்றும் எங்கள் பள்ளியில் கிடையாது.

பிள்ளை "ஆமா" என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் "நட்புடன் உங்களோடு" மனநல சேவை இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது. தமிழில் பேசலாம், காசு இல்லை. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். இன்னொன்று, இது விவசாய வீடுகளுக்கு. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து மாடத்திலோ திண்ணையிலோ இருக்கக் கூடாது. பூட்டு போட்டு, சாவியைப் பெரியவர் ஒருவர் இடுப்பில் வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத்தான் நீங்கள் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

சீட்டுல எழுதிப் போடச் சொல்றீங்களே, அதை யாரு படிப்பா?

நானும் பி.டி. சாரும் மட்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. பேச வேண்டும் என்று விரும்பினால் மட்டும் எழுதலாம். அரசுப் பள்ளிகளில் இருக்கும் "மாணவர் மனசு" பெட்டி தனி. அதை ஒரு குழுதான் திறக்கும். நல நாள் சீட்டு அன்றைக்கே எங்களிடம் வந்துவிடும்.

இரண்டாம் வருடம் நான் செய்த தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு சீட்டு மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது. பெயர் இல்லையே என்று வகுப்பில் வாசித்தேன். "எங்க அம்மா சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணும்போது நான் நல்லா இருக்கேன்னு நடிக்கிறேன்" என்று ஒரு வரி. வாசித்து முடிப்பதற்குள் நாலு தலை ஒரே பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அந்த வகுப்பில் அம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான். அது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு மூன்று வாரம் என் கண்ணைப் பார்க்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள். பரவாயில்லாமல் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இப்போது எந்தச் சீட்டையும் வாய்விட்டு வாசிப்பதில்லை.

உங்கட்டச் சொன்னா வீட்ல சொல்லிடுவீங்களா மிஸ்?

பெரும்பாலும் இல்லை. யாரைப் பிடிக்கும், யாரோடு சண்டை, எந்தப் பாடம் புரியவில்லை என்பதெல்லாம் என்னோடு நிற்கும். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால், மேலே சொன்னபடி, பெரியவர்களைச் சேர்த்துக்கொள்வேன்.

யாராவது தப்பாகத் தொட்டார்கள், படம் அனுப்பச் சொன்னார்கள் என்றால் சட்டமே என்னைச் சும்மா இருக்க விடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். "குடும்ப மானம், பேசித் தீர்த்துக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தாலும் முடியாது. சொல்வதற்கு முன் பிள்ளையிடம் "நான் இதை இவரிடம் சொல்லப் போகிறேன், இதற்காக" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பிள்ளைகளே நேராகவும் அழைக்கலாம்.

போனைப் புடுங்கி வெச்சாப் பாதிப் பிரச்சினை தீந்துடாதா?

பாதிகூடத் தீராது. எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்பா என்பவர் போனுக்குள்தான் இருக்கிறார், துபாயிலோ சிங்கப்பூரிலோ. போனைப் பிடுங்கினால் அவரையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும். ஒன்று செய்யலாம்: இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போனும், உங்கள் போனும் சேர்த்து, சாமி மாடத்தில். இந்த வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் போனை உடைக்காதீர்கள், அதில்தான் சாட்சி இருக்கிறது. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பத்தாவது புள்ளைங்களை விட்டுடலாமே, அவங்களுக்குப் பரீட்சை இருக்கே?

அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். ஒரு நாள் போனால் மார்க் போகாது. பொதுத் தேர்வில் தவறினாலும் சில வாரங்களில் துணைத் தேர்வு வருகிறது, அதே வருடம் மேல்படிப்பில் சேரலாம் என்பதை மே மாதம் அழுதுகொண்டு நிற்கும்போது சொன்னால் காதில் ஏறாது. ஆகஸ்டிலேயே சொல்லி வைக்கிறோம், பெற்றோரையும் வைத்துக்கொண்டு.

எங்கப்பா டெய்லி குடிச்சிட்டு வர்றாரு. அதுக்கு இந்த நாள் என்ன செய்யும்?

சீட்டில் வந்த கேள்வி. குடியை நிறுத்த எங்களால் முடியாது. பிள்ளையிடம் நாங்கள் சொல்வது: அது உன்னால் வந்ததில்லை, நீ நன்றாகப் படித்தால் நின்றுவிடும் என்பதும் இல்லை. அவர் கை ஓங்குகிற இரவில் எந்த வீட்டுக்குப் போவது என்று இப்போதே ஒரு வீட்டை முடிவு செய்து வை, அத்தையோ பக்கத்து வீட்டு ஆயாவோ. படிக்க அமைதி வேண்டுமென்றால் பள்ளியில் ஆறு மணி வரை ஒரு வகுப்பறை திறந்திருக்கும். இது போதாது. எனக்குத் தெரியும்.

நீங்களே அடிக்கிறீங்களே, அப்புறம் எதுக்கு நல நாள்?

இதுவும் சீட்டுதான். ஆசிரியர் கூட்டத்தில் வைத்தேன். ஒருவர் கோபப்பட்டார், இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமில்லை, மனம் நோகப் பேசுவதையும் தடுக்கிறது. "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அதில் வரும். பிரம்பு இப்போது வகுப்புகளில் இல்லை. நாக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

ஒரு நாள் வெச்சா என்ன மாறிடப் போவுது?

போன வருடம் சீட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது காதல், பரீட்சை, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் விட உயரமாக நின்ற கட்டு வேறு: பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்காத பிள்ளைகள் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலி, நீர்க்கடுப்பு என்று வந்த பிள்ளைகளுக்கு நான் இத்தனை நாள் கொடுத்தனுப்பிய அறிவுரை, "நிறையத் தண்ணி குடி."

இரண்டு நாளில் ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோம். மூன்றாவது கதவு கீலோடு பெயர்ந்து நிற்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் திரும்பக் கேட்க வேண்டும்.